வாடிங்டன் வீட்டுக் காவல்காரரின் சட்டை

சகேயாசி மாமாவுக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள். ஒன்று, ரக்பி ஆட்டத்தில் தன் மூக்கை உடைத்தவன் யாரென்று தெரிந்துகொள்வது. இன்னொன்று, பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டை. முதலாவதை என்றோ கைவிட்டுவிட்டார். இரண்டாவது, பிஜித் தீவுகளின் லெவுகாவில் வாடிங்டன் வீட்டு ஆபீஸ் அறையில், பிளாஸ்டிக் உறைக்குள், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாடிங்டன்கள் கொப்பரை வியாபாரத்தில் கொழித்தவர்கள். அவர்கள் சிட்னிக்குக் கப்பலேறிய பிறகு வீடு வௌவால்களுக்குப் போனது. வௌவால்களிடமிருந்து ஓர் அறக்கட்டளை மீட்டு, அருங்காட்சியகமாக்கிக்கொண்டிருந்தது. மாமா அங்கே தற்காலிகக் காவல்காரர். கூரைத் தகரத்தை மாற்றினார்கள், பெயிண்டை மாற்றினார்கள், மாமாவின் ‘தற்காலிக’த்தை மட்டும் மாற்றவில்லை. "திறப்பு விழா அன்னைக்கு எந்த அட்டை முன்னாடியும் இடம் காலியா இருக்கக் கூடாது. அப்படிப் பாத்துக்கிட்டா நீ நிரந்தரம், சட்டையும் உனக்கு" என்று அறக்கட்டளைச் செயலாளர் சொல்லிவிட்டுத் தலைநகர் சுவாவுக்குப் போனார்.

பொருள்களின் விவர அட்டைகளை எழுதியவன் நான். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ‘மகோகனி உணவு மேசை, லண்டன். இதில் ஆளுநர் ஆமை சூப் அருந்தினார்’ என்பது போன்ற அட்டைகள். இன்றுவரை ஒரு பிழை எவரும் காட்டியதில்லை.

விழாவுக்கு முந்தைய வாரம் எதிர்த் தீவின் வைந்தமு ஊர்க்காரர்கள் படகில் வந்தார்கள். எங்கள் ஊருக்கும் அவர்களுக்கும் தௌவு உறவு. ஆதி தெய்வங்கள் சொந்தக்காரர்கள் என்பதால் ஊரோடு ஊர் மச்சான் முறை. ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். தடுக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, திருப்பிக் கேட்கக் கூடாது. வாய் வலிக்கத் திட்டலாம்.

அவர்கள் சர்ச்சின் பாடகர் குழுத் தலைவர் தொமாசி, தன் தொப்பையை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் தான் நுழைந்தாராம்.

"மச்சான், இந்த மேசை நல்லாருக்கே."

மாமா என் அட்டையைக் காட்டினார். "அது என்னுது இல்லடா. மியூசியத்துது."

"காவல் யாரு?"

"நான்தான்."

"அப்ப உன் கையில இருக்கு. உன் கையில இருந்தா அது எனக்குத்தானே? அந்தப் பக்கம் தூக்கு."

மாமா தூக்கினார். "மீன்தலை திங்கிற பயலே, உங்க ஊருக்கு மேசை எதுக்குடா, நண்டு நடந்து பழகவா?" என்று திட்டிக்கொண்டே படகுவரை தூக்கினார். பிறகு நாற்காலிகள், கட்டில், கிராமபோன். கொசுவலையை அவர்கள் மறந்துவிட்டார்கள். மாமாவே ஓடிப்போய்க் கொடுத்தார்.

மறுநாள் நான் போனபோது கூடத்தில் என் அட்டைகள் மட்டும் நின்றன.

"மாமா! ஆளுநர் மேசை எங்க?"

"வைந்தமுல."

"கொசுவலைகூடவா?"

"வலை இல்லாத கட்டிலக் குடுத்தா நம்ம ஊருக்குத்தானே கேவலம்? ஆனா நல்லா திட்டினேன்டா. அப்படி நான் யாரையும் திட்டுனதே இல்ல."

"சட்டை போச்சு மாமா. போய்க் கேளுங்க."

"கேக்கறதா? அப்புறம் சர்ச்சுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காருவேன்?" ஆணியில் தொங்கிய சட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்த உடைந்த மூக்கு மெல்ல விரிந்தது. "கேக்கத்தானே கூடாது? நாமளும் எடுக்கலாமே."

படகெடுத்துப் போனோம். வைந்தமுவில் மகோகனி மேசைமேல் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மாமா அந்தப் பக்கமே திரும்பவில்லை. கொடுத்ததையே திரும்ப எடுப்பது கேட்பதைவிடக் கேவலம். வேறு எதன்மேல் கண் பட்டதோ, அதை எடுத்தார். நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், ஊர் விருந்து அண்டா, சர்ச் மர முரசு, ஒரு பன்றி.

பன்றியைத் தொமாசியே தோளில் சுமந்து வந்தார். "கொப்பரைத் திருடா, இவ பேரு ஐரிஸ். பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் சாப்பிடுவா. உன்ன மாதிரி மானங்கெட்டவ இல்ல."

விழா நாளில் சிட்னியிலிருந்து எடித் வாடிங்டன் அம்மாள் வந்தார். அந்த வீட்டில் பிறந்தவர், இப்போது கைத்தடி. செயலாளர் சுவாவிலிருந்து நேராக அவரோடுதான் உள்ளே நுழைந்தார். வைந்தமு ஊரும் திரண்டு வந்திருந்தது. அண்டா எங்களிடம் இருந்ததால் அவர்களுக்கு வேறு எங்கும் சோறு இல்லை.

பிழையில்லாத என் அட்டைகளை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ‘மகோகனி நாற்காலி, லண்டன்’ என்ற அட்டைக்கு முன் நீல பிளாஸ்டிக் நாற்காலி. மேசை இருந்த இடத்தில் அண்டா. கிராமபோனுக்கு முரசு. ‘வாடிங்டன் குழந்தைகள் உறங்கிய கட்டில்’ என்ற அட்டையின் கீழ் ஐரிஸ் உறங்கிக்கொண்டிருந்தாள்.

செயலாளரின் கழுத்து சிவந்தது. எடித் அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

"இந்த வீட்ல நான் பயமில்லாம உக்கார்ற முதல் நாற்காலி இதுதான். பழசுல உக்காந்தா எங்கப்பா பிரம்பால அடிப்பார். எங்க அது?"

மாமா சர்ச்சில் டீக்கன். பொய் வராது. "மச்சானுங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா."

"திருடிட்டாங்களா?"

"ஐயோ, திருடுனா போலீஸு. இவங்க எடுத்தாங்க."

"நீ தடுக்கலியா?"

"தடுத்தா மரியாதையா இருக்குமாம்மா?"

அம்மாள் வைந்தமு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "என் கொள்ளுத்தாத்தாவும் வைந்தமு தென்னந்தோப்பப் பாத்து ‘நல்லாருக்கே’ன்னு சொல்லித்தான் எடுத்தாராம். யாரும் தடுக்கலியாம்."

"அவரையும் மச்சான் முறைன்னு நெனச்சுட்டாங்கம்மா" என்றார் தொமாசி. "எங்காளுங்க பதிலுக்கு அவரு சுருட்டுப் பெட்டிய எடுத்தப்பதான் தெரிஞ்சுது. போலீஸக் கூப்பிட்டாரு."

செயலாளர் பொறுமை இழந்தார். "இவனை இன்னைக்கே அனுப்பிடறேன் மேடம்."

"நீங்க இவருக்கு என்ன சொல்லியிருந்தீங்க?"

"எந்த அட்டை முன்னாடியும் இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு..."

"காலியா இருக்கா?"

செயலாளர் அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்தார். "இல்ல மேடம்."

"அப்ப சட்டையக் கொண்டாங்க."

மாமா சட்டையை அணிந்து, ஒவ்வொரு பொத்தானையும் மெதுவாகப் போட்டார். கடைசிப் பொத்தானைப் போட்டபோது பாடகர் குழு கைதட்டியது. தொமாசி மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வந்து காலரைத் தடவிப் பார்த்தார்.

"மச்சான், சட்டை நல்லாருக்கே."

மாமா அவரை முறைத்தார். அவருடைய ஏழு தலைமுறையையும் மேலிருந்து கீழாகத் திட்டினார். திட்டிக்கொண்டே பொத்தான்களைக் கழற்றினார்.

பிறகு தொமாசியின் மேலிருந்த ஊதா நிறப் பாடகர் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

வாடிங்டன் வீட்டின் நிரந்தரக் காவல்காரர் இப்போது வாசலில் நிற்பது அந்த ஊதாச் சட்டையில்தான். முதுகில் ‘கர்த்தர் வருகிறார்’ என்று வெள்ளை எழுத்து. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துத்தான் உள்ளே போகிறார்கள்.