கொம்பு கேட்க வந்தவள்

கசாலேவுக்குக் காது மந்தம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. ஜெருசலேமில் குர்திஸ்தான் யூதர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் தெரு இது. இங்கிருந்து முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போய் வந்தவள் அவள். அங்கிருந்த இயந்திரங்கள் போர்வைகளின் ரத்தக்கறையை எடுத்த கையோடு அவள் காதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் மட்டும் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இந்த வருஷம் வெயில் தொடங்கும் முன்பு அவளுக்குக் காது மிஷின் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்றைக்கே, பக்கத்து வீட்டு நாசே தன் மருமகளைத் திட்டும் திட்டு முழுக்க அவள் காதில் விழுந்தது. "இத்தனை வருஷம் செவிடா இருந்ததுல நான் ஒண்ணும் நஷ்டப்படலடீ" என்றாள். நாசேவும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரே விமானத்தில் இந்த ஊருக்கு வந்திறங்கிய சிநேகிதிகள், ஒருத்தி சொன்னால் இன்னொருத்திக்கு உறைக்காது.

எலூல் மாதம் பிறந்ததும்தான் வினை வந்தது. புத்தாண்டுக்கு முந்தைய மாதம் அது. விடியும் முன்பே ஜெபக்கூடத்தில் மன்னிப்புத் தொழுகை நடக்கும், ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். புத்தாண்டன்று அந்தக் கொம்பின் குரலைக் காதால் கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கடமை. அன்றைக்குக் காதில் மிஷினோடு கேட்டால் சரியா என்று கசாலேவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நேரே ஹாகாம் ஷமாயாவிடம் போய் நின்றாள். எங்கள் தெருவுக்குச் சட்டம் சொல்லும் பெரியவர் அவர்.

நல்ல மனுஷர். புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவரே அவள் வீட்டுக்கு வந்து பதில் சொன்னார்.

"பள்ளத்துக்குள்ள நின்னு ஒருத்தன் கொம்பு ஊதுறான்னு வச்சுக்கம்மா. வெளிய நிக்கிறவன் காதுல எதிரொலி மட்டும் விழுந்தா அவன் கடமை தீராதுன்னு முன்னோருங்க சொல்லியிருக்காங்க. கொம்போட குரல் வேற, எதிரொலி வேற. மிஷின் உன் காதுக்குள்ள போடுறதும் அந்த மாதிரிதான். அது மிஷினோட குரல்."

"அப்போ நான் என்ன பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். நேரம் குறிச்ச கடமை எதுவும் பொம்பளைங்களுக்குக் கிடையாது. கொம்பு கேக்கறது நீங்களா விரும்பி ஏத்துக்கிட்டது. இப்போ உனக்குக் காதும் போச்சு. ரெண்டு பக்கமும் உனக்குச் சலுகை இருக்கு. நிம்மதியா உக்காரு."

"நிம்மதியாவா! அம்பது வருஷமா நின்னுகிட்டிருக்கேன் ஹாகாம். இப்போ வந்து உக்காருங்கறீங்களே!"

ஹாகாம் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். சலுகையாம், சலுகை! யார் கேட்டார்கள் என்று அவள் அன்றைக்கு முழுக்கப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

அவளுக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்று நாசேவுக்கு மட்டும் தெரியும். கசாலேவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மலைக்கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்கு யார் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? ஜெபக்கூடத்தின் பெண்கள் அறையில் அவள் மடியிலும் ஒரு புத்தகம் இருக்கும். நாசேதான் பக்கத்தைத் திறந்து கொடுப்பாள். மற்றவர்கள் தாளைத் திருப்பும்போது இவளும் திருப்புவாள். ஐம்பது வருஷமாக இந்த நாடகம். கொம்பு ஊதும் நேரம் வந்தால் மட்டும் எல்லாரும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். படித்தவள், படிக்காதவள் என்ற பேச்சே அப்போது கிடையாது. முதலில் நீளமாய் ஒரு ஊது வரும். பிறகு அது மூன்றாய் உடையும், அப்புறம் பொடிப்பொடியாய் விசும்பும், கடைசியில் மறுபடி நீளமாய் ஒன்றுசேரும். அந்த உடைசலில்தான் அவள் தன்னுடைய உடைந்ததையெல்லாம் வைத்துக் கொடுப்பாள். நடக்கப் பழகும் முன்பே போன முதல் பிள்ளை, ஒரு நாள் வேலைக்குப் போய்த் திரும்பாத புருஷன், வாய்விட்டுச் சொல்லாத கோபங்கள், எல்லாம் அதில் போய்ச் சேரும். கடைசி ஊதில் முதுகு தானாக நிமிரும். அவள் அறிந்த தொழுகை அது ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் விடியலில் மிஷினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஜெபக்கூடத்துக்குப் போனாள். பெண்கள் அறைக்கும் ஆண்கள் கூடத்துக்கும் நடுவே மரச்சட்டத் தடுப்பு ஒன்று. அதன் வழியே பார்த்தால், நடு மேடையில் அவள் கொழுந்தன் சப்தோ கொம்பை வாயில் வைத்திருப்பது தெரிந்தது. கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் அவளுக்கு வந்து சேரவில்லை. போன வருஷம்வரை மெல்லிசாகவாவது கேட்ட குரல் அது. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதாள், முகத்தைக் கழுவினாள், சப்தோவுக்கு ஆள் விட்டாள்.

சப்தோ குழாய் வேலை செய்கிறவன். அறுபது வயதாகியும் அண்ணியைக் கண்டால் அவனுக்கு ஒரு பயம். கொம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"அடுப்புகிட்ட நின்னு ஊதுடா."

ஊதினான். அவள் தலையாட்டினாள். "கொஞ்சம் கிட்ட வா. இன்னும் கிட்ட. என்னடா வெக்கம், பொண்ணு பார்க்கவா வந்திருக்கே?"

கொம்பின் வாய் இடது காதிலிருந்து ஒரு முழத்துக்குள் வந்தபோது அவள் கை சட்டென்று உயர்ந்தது. ஏதோ தூரத்து வீட்டுக் குழந்தை அழுவது போல மெல்லிசாக இருந்தது. ஆனால் கொம்புதான். மிஷின் இல்லை, எதிரொலி இல்லை. உடைந்த ஊதும் விசும்பலும்கூடப் பிரிந்து பிரிந்து கேட்டன. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

சப்தோ அவள் காதருகே குனிந்து கத்தினான். "அப்புறம் என்ன அண்ணி? பெருநாளன்னிக்குத் தொழுகை முடிஞ்சதும் நேரா இங்க வந்து ஊதிட்டுப் போறேன். நீங்க எனக்குக் கூபே உருண்டைக் குழம்பு மட்டும் சூடா வச்சிருங்க."

வேறொருத்தியாக இருந்தால் இதோடு விட்டிருப்பாள். கசாலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்" என்றாள்.

"ஏன் அண்ணி?"

"படுக்கையில கிடக்கறவளுக்கு வந்து ஊதுற மாதிரி எனக்கு ஊதாதே. எல்லாரும் புத்தகத்தை மூடுறப்போ நானும் மூடணும். அவங்களோட நின்னு கேக்கணும். கூபே எப்படியும் உனக்கு உண்டு, கவலைப்படாதே."

மிஷினை மாட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே யோனாவிடம் போனாள். யோனா ஜெபக்கூடத்து நிர்வாகி. விளக்கு, நாற்காலி, யார் எங்கே உட்காருவது என்ற சண்டை, எல்லாம் அவன் பொறுப்பு. புத்தாண்டன்று கொம்பு ஊதும்போது மட்டும் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ள அவள் இடம் கேட்டாள்.

"ஆம்பளைங்க பக்கத்திலயா? என்னக்கா பேசறீங்க! பெருநாள்ல பொம்பளை ஒருத்தி நடுவுல வந்து நின்னா ஜனங்களோட கவனம் சிதறிடாதா?"

"என்னைப் பார்த்தா? இந்த மூஞ்சியப் பார்த்துச் சிதறுற கவனத்தை நீ பூட்டி வச்சாலும் நிக்காது."

"சொன்னாக் கேளுங்க. ஹாகாமே உங்களுக்குக் கடமை இல்லன்னுட்டார். உங்களுக்கு விட்டா நாளைக்கு இன்னொருத்தி வருவா. அதெல்லாம் முடியாது." அதோடு நிறுத்தாமல் யோனா விரலையும் ஆட்டினான். "உங்க பக்கம் பேச்சுச் சத்தம் வேற தாங்கல. ஆசி சொன்ன நிமிஷத்துலேர்ந்து ஊதி முடியற வரைக்கும் ஒரு ஆள் வாயைத் திறக்கக் கூடாது. இந்த வருஷமாவது உங்க ஆளுங்ககிட்ட அதைச் சொல்லி வைங்க."

கசாலே அவனை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். "அதுக்கென்ன தம்பி, சொல்லி வைக்கிறேன்" என்றாள். அவ்வளவு பணிவாக அவள் பேசியது யோனாவை யோசிக்க வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

புத்தாண்டு வந்தது. வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தலைத்துணி, சலவைக்காரி கையால் வெளுத்தது, கண் கூசும். மிஷின் வீட்டு மேஜையில் கிடந்தது. பெண்கள் அறையில் மரத்தடுப்பையும் கதவையும் ஒட்டிய இடத்தை நாசே விடியற்காலையிலேயே பிடித்து வைத்திருந்தாள். கசாலே சத்தமில்லாத உலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் திருப்பும்போது தாளைத் திருப்பினாள். இந்த வயதில் இது தேவையா என்று ஒரு தடவை தோன்றியது. காது மிச்சம் இருப்பது இந்த வருஷம்தான், அடுத்த வருஷத்துக்கு யார் ஜவாப் என்று மறு தடவை தோன்றியது.

யோனா மேஜையைத் தட்டினான். விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். சப்தோ மேடையில் ஏறி, கொம்பின் குரலைக் கேட்கச் சொன்ன கடவுளை வாழ்த்தி ஆசி சொன்னான். கூடம் முழுக்க உதடுகள் ஆமென் என்று அசைந்தன. நாசேவின் முழங்கை கசாலேவின் விலாவில் இடித்தது.

அவள் புத்தகத்தை மூடினாள். எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு ஆண்கள் கூடத்துக்குள் நடந்தாள்.

யோனா வாயைத் திறந்தான், மூடினான். கையை வீசினான், காலை உதைத்தான், கண்ணை உருட்டினான். அடேயப்பா, பேச்சை அடக்கினால் மனுஷனுக்கு எத்தனை கை முளைக்கிறது! ஆனால் ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினால் அவன் கேட்ட ஆசி வீணாகும், அதுவும் வருஷா வருஷம் எல்லாரையும் அதட்டி அடக்குகிற அவனே. ஒருவர் சிரிப்பை அடக்கத் தொழுகைச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். ஹாகாம் ஷமாயா அவளையே பார்த்தார். பிறகு ஒரு அடி ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டார்.

அவள் மேடைக்குக் கீழே போய் அதைச் சுற்றிய மரக்கிராதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடது காதை மேலே திருப்பி நின்றாள். அண்ணியைக் கண்டதும் சப்தோவுக்கு உதடு வழுக்கிவிட்டது. கொம்பிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அவள் ஊது என்று தாடையை அசைத்தாள். சமையலறையில் பார்த்த அதே பார்வை. அவன் உதட்டைத் துடைத்தான், கிராதிக்கு மேலாகக் குனிந்தான், கொம்பின் வாயை அவள் காதுக்கு நேரே இறக்கினான்.

முதலில் மரம் அதிர்ந்தது. உள்ளங்கையில் ஏறி, பல்லுக்குள் புகுந்து, நெஞ்செலும்பில் உட்கார்ந்தது. இது அதிர்வு, இது போதாது, குரல் வேண்டும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கே, எங்கே என்று உயிர் முழுக்கக் காதுக்கு வந்துவிட்டது. அப்புறம் வந்தது. மெல்லிசாக, கரகரப்பாக, நீளமாக. அது மூன்றாக உடைந்தபோது அவள் பிள்ளையின் பெயரைச் சொன்னாள், மனசுக்குள். விசும்பலாய்ப் பொடிந்தபோது புருஷனை. இந்த வருஷம் புதிதாக ஒன்று இருந்தது, தன் காது. அதையும் வைத்தாள். எடுத்துக்கோ, ஆனா கேட்டதுக்கு அப்புறம் எடுத்துக்கோ என்று கடவுளோடு சண்டை போட்டாள். கடைசி ஊது சப்தோவின் மூச்சு இருக்கும் வரை நீண்டது. அவள் முதுகு நிமிர்ந்தது. ஐம்பது வருஷத்தில் இவ்வளவு கிட்டே நின்று அவள் கேட்டதே இல்லை.

திரும்பி வந்து நாசேவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாசேவும் பேசக் கூடாது, அதனால் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த தொழுகைக்குள்ளும் கொம்பு ஊதுவார்கள், அதற்கும் கசாலே எழுந்து போனாள். இரண்டாம் முறை யோனா கையை வீசவில்லை, தலையில் வைத்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்ததுதான் தாமதம், அவ்வளவு நேரம் தேக்கி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு யோனா வாசலுக்கு ஓடி வந்தான். அவன் தாடி ஆடியது, விரல் ஆடியது, முகம் சிவந்தது. கசாலே பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தியதும் தன் வெறுங்காதைத் தொட்டுக் காட்டினாள்.

"ஒண்ணும் கேக்கல தம்பி. மிஷின் வீட்ல இருக்கு."

வாசலில் நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஹாகாமும்தான். "விடப்பா, சும்மா சலுகைய வச்சுகிட்டு என்ன பண்ணுவா" என்று அவர் சொன்னதை நாசேதான் அப்புறம் கசாலேவின் காதில் கத்திச் சொன்னாள்.

புத்தாண்டு எங்களுக்கு இரண்டு நாள். மறுநாள் காலை கசாலே வந்தபோது யோனா வாசலிலேயே நின்றான். உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு மேடைப்பக்கம் தாடையைக் காட்டினான். மேடையின் ஒரு ஓரமாக இரண்டு நாற்காலி போட்டு, அவற்றின் குறுக்கே ஒரு மேஜைத்துணியைத் தொங்கவிட்டு, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மறைப்புக் கட்டியிருந்தான்.

கசாலே துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"உன் வீட்டுதா? மாதுளைக்கறை அப்படியே இருக்கே. பெருநாள் முடிஞ்சதும் எங்கிட்ட குடு, எடுத்துத் தரேன்."

யோனா ஏதோ சொன்னான். என்னவென்று அவளுக்குத் தெரியாது. அவள் மறைப்புக்குள் போய், கிராதியைப் பிடித்து, இடது காதை மேலே திருப்பிக்கொண்டு நின்றாள்.