பெரிய சக்கரம் போட்ட சின்னக் கார்

வக்கீலின் காரில் ஏறினாலே எனக்குக் குமட்டும். நாலு பேர் ஒடுங்கி உட்காரச் செய்த சின்ன இங்கிலீஷ் கார் அது. எல்லைப் போராட்டம் சூடு பிடித்த பிறகு அதில் ஏழு பேருக்குக் குறைந்து யாரும் போனதில்லை. வேர்வையும் வெற்றிலைச் சாறும் முந்தின நாள் கூட்டத்தில் தின்ற பருப்புவடையின் எண்ணெயும் சீட்டில் ஊறிக் கிடக்கும். ஜன்னலுக்கு வெளியே துப்பத் தெரியாத தியாகிகள் கதவின் உள்பக்கத்திலேயே துப்பி வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனாலும் அந்தக் கதவைத் தொட்டுவிட்டு நான் தினமும் கையைக் கழுவினேன்.

நான் அந்த வக்கீலின் குமாஸ்தா. வீடு குளத்தூர்ப் பக்கம். அவருக்குப் பாறசாலையில் வீடு, நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் தொழில். காலையில் பாறசாலையிலிருந்து கோர்ட்டுக்கு, சாயங்காலம் கோர்ட்டிலிருந்து குன்னத்துகாலிலோ அதற்கு அப்பாலோ நடக்கும் கூட்டத்துக்கு என்று கார் ஓடும். வழக்குக் கட்டுகளைத் தூக்குவதோடு எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. தினமும் வண்டி நின்றதும் மைல் மீட்டரைப் பார்த்து எண்ணை ஒரு நோட்டில் எழுத வேண்டும். எத்தனை காலன் பெட்ரோல் ஊற்றினோம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். மேடையில் உயிரையும் தருவேன் என்று பேசுகிறவர், பெட்ரோல் விஷயத்தில் மட்டும் இப்படி ஒரு கெட்டி.

டிரைவர் கடற்கரைக்காரர், லத்தீன் கத்தோலிக்கர். யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, படகில் ஏறினால் வாந்தி. வண்டிதான் அவருக்குச் சோறு. காருக்குள் மற்றவர்கள் துப்பியதைத் தினமும் காலையில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறவரும் அவர்தான். ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பழைய டயர்கள் தேய்ந்து துணி தெரிய ஆரம்பித்தபோது, அந்த அளவில் டயர் நாகர்கோவிலிலும் கிடைக்கவில்லை, திருவனந்தபுரத்திலும் கிடைக்கவில்லை. போராட்டக் கமிட்டியில் முக்கியமானவரான துணிக்கடைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய காரை உடைத்துப் போட்டிருந்தார்கள். அதன் சக்கரங்களை டயரோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். போல்ட்டு ஓட்டைகள் சரியாகப் பொருந்தின, ஆனால் சக்கரம் பெரியது.

"இது இந்த இஞ்சினுக்குச் சேராது, வக்கீல் சாரே. சின்ன வண்டியாக்கும். இழுக்காது" என்றார் டிரைவர்.

"பெரிசுன்னா நல்லதுதானலே. பள்ளத்துல விழுந்தா அடி தட்டாதுல்லா" என்றார் துணிக்கடைக்காரர்.

வக்கீலுக்குப் பிடித்துவிட்டது. கார் நாலு விரல் உயர்ந்து நின்றது. தானும் நாலு விரல் உயர்ந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. வண்டியிலிருந்து இறங்கும்போது முன்னைவிட மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி இறங்கினார்.

இரண்டு வாரம் கழிந்து நோட்டைப் பார்த்தேன். அதுவரை காலனுக்கு முப்பத்தைந்து மைல் ஓடிய கார், இருபத்தேழு மைல் ஓடியிருந்தது. இதைக் கண்டுபிடித்ததும் நான்தான், ஓடிப் போய் வக்கீலிடம் சொன்னதும் நான்தான். நல்ல குமாஸ்தா என்று பெயர் வாங்க வேண்டும் அல்லவா. யாரும் கேட்காமலே சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

வக்கீல் அதைத் துணிக்கடைக்காரரிடம் சொன்னார். அவர் யோசிக்கவே இல்லை. "பின்ன எங்க போவும்? கடப்புறத்துக்குத்தான் போவுது. இவன் பெஞ்சாதி வீட்டுல பேசியது முழுக்க மலையாளமாக்கும். நம்ம பெட்ரோல ஊத்தி எதிராளி ஜீப்பு ஓடுது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்தச் சீமையில் மலையாளம் பேசாதவன் யார்? வக்கீல் கோர்ட்டில் வாதாடுவது மலையாளம். துணிக்கடைக்காரர் விலை சொல்வது ஆளைப் பார்த்து இரண்டு பாஷையிலும். கோபம் வந்தால் திட்டுவதற்கு எல்லோரும் எடுப்பது மலையாளத்தைத்தான். ஆனால் அந்த வருஷங்களில் ஒருவனைக் கவிழ்க்க அது போதுமானதாக இருந்தது. இரண்டு நாளில் பாறசாலைச் சந்தை முழுவதும் டிரைவரைப் பெட்ரோல் திருடன் என்றது.

மறுநாள் கோர்ட்டு இல்லை. வக்கீல் வீட்டுக் கார் கொட்டகையில் டிரைவர் என்னைக் கூப்பிட்டார். பழைய சக்கரம் ஒன்று மூலையில் சாய்ந்து கிடந்தது. அதன் டயரில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு தரையைத் தொட்ட இடத்தில் ஒரு கோடு. ஒரு முழுச் சுற்று உருட்டி, பொட்டு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. "சாரே, நீங்களே அளக்கணும். நான் அளந்தா அது கள்ளனுக்க அளவு" என்றார். கட்டு கட்டும் சணல் கயிற்றை எடுத்து அளந்து முடிச்சுப் போட்டேன். பிறகு காரின் சக்கரத்திலும் அதே மாதிரிப் பொட்டு. அவர் காரைத் தள்ளினார், நான் அளந்தேன். பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு சாணுக்கு மேல் கூடப் போயிருந்தது.

"மீட்டருக்கு ரோடு தெரியாது, சாரே. சக்கரம் எத்தன சுத்து சுத்திச்சு எண்ணு மட்டும்தான் அதுக்குத் தெரியும். பழைய வீலுக்க கணக்க வச்சுத்தான் அது மைலு எண்ணுது. இப்ப வண்டி கூட ஓடுது, மீட்டரு கொறச்சுக் காட்டுது. பத்து மைலு போனா ஒம்பதுகூட வராது."

"பெட்ரோல் கூடச் செலவாகவே இல்லையா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் உண்டு. இல்லேண்ணு பொய் சொல்லமாட்டேன். வீலு கனம். முன்ன மேல கியருல ஏறின ஏத்தத்துல இப்ப கீழ கியரு போட வேண்டியிருக்கு. உள்ள ஏழு பேரு வேற. ஆனா இவிய சொல்லிய அளவு இல்ல. பாதிக் கொறவு மீட்டருக்க பொய்யாக்கும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. குழந்தைக்கும் விளங்கும் விஷயம். "நீங்க சொல்லுங்க, சாரே. நான் சொன்னா எடுக்கமாட்டாவ" என்றார். சொல்கிறேன் என்றேன். அப்போது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வக்கீல் வீட்டு முற்றத்தில் கமிட்டி கூடியது. டிரைவரை நடுவில் நிறுத்தினார்கள். அவர் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார், பூசைக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். சுற்றி உட்கார்ந்தவர்கள் பலாச்சுளை தின்றுகொண்டே விசாரித்தார்கள். கொட்டையைத் துப்பிய இடமெல்லாம் ஈ. ஒருவனுடைய பிழைப்பைப் பறிப்பதற்கு முன்னால் கையையாவது துடைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் அது தோன்றவில்லை.

டிரைவர் சத்தம் உயர்த்தாமல் சொன்னார். "மீட்டர நம்பாண்டாம். பெரிய ரோட்டுல மைல்கல்லு உண்டுல்லா? நீங்க யாராவது கூட வாருங்க. பத்து கல்லு எண்ணி ஓட்டுவோம். மீட்டரு எத்தன காட்டுது எண்ணு பாப்போம்."

துணிக்கடைக்காரர் கேட்டார்: "அந்தக் கல்ல நட்டது யாருலே?"

"சர்க்காரு."

"எந்தச் சர்க்காரு? திருவனந்தபுரத்துக்காரன். அங்க இருந்து எண்ணித்தான் அவன் கல்லு நட்டிருக்கான். அவனுக்க கல்ல நாங்க ஒப்புக்கிடணுமாக்கும்?"

முற்றத்தில் கை தட்டினார்கள். அப்போது பின்னால் இருந்த ஒருவர், "கல்லு எங்க இருக்கு? நாமதானே பிடுங்கினோம்" என்றார். அது உண்மை. அந்தத் தவிப்பில் டிரைவர் அதை மறந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் அந்தக் கற்களின் மலையாள எழுத்தில் தார் பூசினார்கள். தார் போதாது என்று, மார்த்தாண்டத்திலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் ஒன்று விடாமல் பிடுங்கி வயலில் உருட்டினார்கள். தார்ச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே போனேன். அந்தக் கற்கள் அன்றைக்கு நட்ட இடத்தில் நின்றிருந்தால், அரை மணி நேரத்தில் ஒரு மனுஷனின் மானம் திரும்பியிருக்கும்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "குமாஸ்தா சாரு அளந்திருக்காரு. கயித்துல முடிச்சுப் போட்டு அவருக்க கையாலயே அளந்தாரு. அவரு சொல்லட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வக்கீலும் பார்த்தார். பெரிய சக்கரம் போட்டது தப்பு என்று சொன்னால் வக்கீலை முட்டாள் என்று சொன்ன மாதிரி. டிரைவர் பக்கம் பேசினால் எதிராளியின் ஆள் என்ற பெயர். அந்தப் பெயர் வந்தவர்களுடைய வாழைக்கு என்ன ஆனது, வைக்கோல்போருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். துணிக்கடைக்காரர் சுளையை வாயில் வைத்துக்கொண்டு, "சொல்லும் ஓய்" என்றார்.

"அளந்தேன். ஆனா கயிறு நனஞ்சு கெடந்துது. உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன்.

கயிறு நன்றாகக் காய்ந்திருந்தது. டிரைவருக்கும் அது தெரியும். கார்ச்சாவியை எடுத்து முன்னால் இருந்த பெஞ்சில் வைத்தார். வைக்கிற இடத்தில் பலாப்பிசின் இருந்ததால், கொஞ்சம் தள்ளி வைத்தார்.

மறுநாள் புது டிரைவர் வந்தார். துணிக்கடைக்காரரின் தங்கை மகன். அதற்காகத்தான் இத்தனை கூத்தும் என்று ஊருக்கே அப்போது புரிந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழிந்து நோட்டைப் பார்த்தேன். காலனுக்கு இருபத்தாறு மைல்தான். பழையவரைவிட ஒன்று குறைவு.

இங்கேதான் நான் செய்த கேவலமான காரியம் வருகிறது. இந்த எண் வக்கீல் கண்ணில் பட்டால் பழைய கேள்வி மறுபடி எழும்பும். கயிறு எழும்பும், முடிச்சு எழும்பும், நான் சொன்ன பொய் எழும்பும். அதனால் அன்றன்று ஓடிய மைலோடு மூன்று, நான்கு கூட்டி, நோட்டில் மீட்டர் எண்ணை ஏற்றிக்கொண்டே போனேன். மாதக் கடைசியில் காலனுக்கு முப்பத்து நாலு வந்தது. வக்கீல் மீட்டரைக் குனிந்து பார்க்கிற ஆள் இல்லை, நோட்டை மட்டும் பார்க்கிறவர். பார்த்துவிட்டு, "கண்டீரா ஓய், அவன் எடுத்தது எவ்வளவு எண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் யாரைக் கண்டாலும் அந்த நோட்டை எடுத்துக் காட்டினார்.

கொஞ்ச காலத்தில் எல்லை வரைந்தார்கள். தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போய்ச் சேர்ந்தன. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. வக்கீல் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் வீட்டு வாசலில் இருந்த தமிழ்ப் பலகையைக் கழற்றி மலையாளப் பலகை மாட்டினார். துணிக்கடைக்காரர் புது சர்க்காரின் அலுவலகத்துக்குத் திரைச்சீலை கொடுக்கும் காண்டிராக்ட் எடுத்தார். இவர்களுக்காகவா தார் சுமந்தேன் என்று காறித் துப்பத் தோன்றியது, துப்பவில்லை, மாதச் சம்பளம் அங்கேதான் இருந்தது.

அப்போது ஒரு நாள் பழைய டிரைவர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மச்சினன்மாரோடு கடலுக்குப் போவதாகவும், போகிற நாளெல்லாம் வாந்தி எடுப்பதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். சர்க்கார் பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள். முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஒழுக்கமானவர் என்று ஒரு கடிதம் வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தார்.

வக்கீல் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். டிரைவர் ஓட்டிய மாதத்தையும் கடைசி மாதத்தையும் விரித்து அவர் முன்னால் வைத்தார். "நீயே பாரு. இருபத்தேழு. புதுப் பையன் வந்த பெறவு முப்பத்து நாலு. நான் எப்பிடி எழுதித் தர முடியும்? கள்ளன் எண்ணு எழுதாம விட்டதே பெரிசு."

டிரைவர் குனிந்து பார்த்தார். முந்தின நாள் நான் எழுதிய கடைசி எண்ணில் அவர் விரல் சற்று நேரம் நின்றது. "சரி, சாரே, வாறேன்" என்று இறங்கினார்.

வாசல்வரை கூடப் போனேன். கார் கொட்டகையில் நின்றது, அதே பெரிய சக்கரங்களோடு. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து மீட்டரைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அவர் உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வக்கீலைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினால் போதும்.

"நீங்க எழுதினதும் இதும் சேராது, சாரே" என்றார்.

நான் கொட்டகைக் கதவைச் சாத்தப் போனேன்.

"உங்களுக்கும் பெஞ்சாதி பிள்ளைய உண்டுல்லா. ரெண்டு பேருக்கும் வேல போவாண்டாம்" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

அவரைத் திரும்பக் கூப்பிட எனக்கு நேரம் இருந்தது. ரோடு வளைகிற வரைக்கும் அவர் கண்ணில் தெரிந்தார். நான் உள்ளே போய் நோட்டை எடுத்து, அன்றைய மைலை நான்கு கூட்டி எழுதினேன்.