“ஊர்ல இருக்கு”: விளாத்திகுளம் பக்கம் நான்கு நாட்கள்

பொதுக் கொள்கையில் முதுகலை படிக்கும் மூன்று பேர் போன வாரம் எனக்கு எழுதியிருந்தார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் கிராமங்களுக்குக் கள ஆய்வுக்குப் போகிறார்களாம். என்ன எடுத்துப் போக வேண்டும், எங்கே தங்கலாம் என்று கேட்டிருந்தார்கள். சமூக நீதியில் எங்களுக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். கேலிச் சிரிப்பென்று நினைக்க வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், அதே வரியைச் சுமந்துகொண்டுதான் நாங்களும் மதுரையில் பஸ் ஏறினோம். அந்த நான்கு நாள் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேரமும் கட்டணமும் அதில் உள்ளபடியே தருகிறேன்.

நாங்களும் மூன்று பேர். நான் மாலதி, என் அறைத்தோழி சந்திரா, உடன் படித்த சேவியர். எம்.ஏ. பொது நிர்வாகம், இரண்டாம் ஆண்டு. கேண்டீனில் டீ ஆறிப்போகும் வரை சமத்துவம் பேசுவோம், ஆறிய டீயையும் சமமாகப் பங்கிட்டுக் குடிப்போம். எங்கள் வேலை இதுதான்: எந்தக் குடியிருப்புக்கு ஒரு மைலுக்குள் குடிதண்ணீர் இல்லையோ, அங்கே அந்த ஆண்டு கைப்பம்பு போடுவதாக இருந்தது. நாங்கள் வீடுவீடாக நிரப்பித் தரும் படிவங்களைப் பார்த்துத்தான் ஒன்றிய அலுவலகம் பட்டியல் போடும். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

செவ்வாய் காலை 6.10க்கு மதுரையில் பஸ். கோவில்பட்டிக்கு நூறு கிலோமீட்டர், 7 ரூபாய் 40 காசு. 8.50க்கு இறங்கினோம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள் கூட்டத்தில் புகுந்து வெளியே வந்து, டீயும் கால் கிலோ கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டோம். 9.30க்கு எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் பஸ், 2 ரூபாய் 80 காசு. என் மடியில் இருந்த படிவக் கட்டைக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“லோன் குடுக்கவா போறீங்க?”

“இல்லைங்க. தண்ணி பத்திக் கணக்கெடுக்கப் போறோம்.”

“இருந்தால்லா எடுக்கதுக்கு!” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

விளாத்திகுளத்தில் 10.50. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர், 75 காசு. பிறகு இரண்டு கிலோமீட்டர் நடை. இருபுறமும் வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண், ஆங்காங்கே காயப்போட்ட மிளகாய் வத்தல். சந்திரா தும்மிக்கொண்டே வந்தாள். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அதைக் கண்டுபிடித்து யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

தங்கியது வெங்கடசாமி அண்ணாச்சி வீட்டில். நாற்பது ஏக்கர் மானாவாரி நிலம், வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். சந்திராவுக்கும் எனக்கும் உள்ளறை, சேவியருக்குப் பருத்தி அடைத்த கொட்டகை. மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பாடு. வீட்டை ஒட்டியே ஊர்க் கிணறு. அந்தச் சீமையில் அப்படித் தித்திக்கும் தண்ணீர் அபூர்வம்.

ஊரில் அறுபது வீடுகளைச் சேவியர் எடுத்துக்கொண்டான். ஊருக்கு வெளியே தள்ளியிருந்த காலனியின் முப்பத்திரண்டு வீடுகள் எங்களுக்கு. பதினான்காவது கேள்வி: “ஊரில் குடிநீர்க் கிணறு உண்டா?” முதல் வீட்டில் மாடத்தி இருந்தாள். எங்கள் வயதுதான், இருபத்து மூன்றோ நான்கோ. பருத்திக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கேள்வியைக் கேட்டதும், “ஊர்ல இருக்கு” என்றாள். “உண்டு” என்று எழுதினேன். அடுத்த வீட்டிலும் “ஊர்ல இருக்கு”. முப்பத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில். இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போகும் பதில்கள் கிடைத்ததே என்று இருவரும் மகிழ்ந்துபோனோம். புதன் மாலையே வேலை முடிந்தது. வியாழன் முழுவதும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

அந்தக் கோட்டையை அந்தப் பயணத்தில் நான் பார்க்கவே இல்லை.

வியாழன் காலை எட்டு மணிக்குக் காலனியில் சொல்லிக்கொள்ளப் போனோம். சந்திராவுக்குத் தொண்டை வறண்டிருந்தது. மாடத்தியிடம் தண்ணீர் கேட்டாள். மாடத்தி அவள் முகத்தையே பார்த்தாள்.

“நெசமாத்தான் கேக்குதீங்களா டீச்சர்? எங்க வீட்டுத் தண்ணியவா?”

நாங்கள் டீச்சர்கள் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அந்தப் பட்டம் போகவில்லை. செம்பு வந்தது. சந்திரா குடித்தாள், நானும் குடித்தேன். கலங்கலாக, கொஞ்சம் உப்பாக இருந்தது.

“கிணத்துத் தண்ணி இப்படி இருக்காதே?” என்றாள் சந்திரா.

“கிணத்துத் தண்ணியா? இது ஓடையில ஊத்துத் தோண்டி எடுக்கது.”

“ஊர்ல கிணறு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா, ஊர்ல இருக்கு. எங்களுக்கு இருக்குன்னு சொன்னேனா? நாங்க காலனில்லா!”

கையில் செம்போடு நின்றது நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கத்துப் பேச்சில் ஊர் என்றால் ஊர்க்காரர்கள் குடியிருக்கும் இடம் மட்டும்தான். காலனி அதில் சேராது. கேட்ட கேள்விக்கு மாடத்தி சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தாள். கிணற்றில் அவர்கள் குடம் விழக் கூடாது என்பது ஒன்றிலிருந்து அறுபது வரை எல்லா வீட்டுக்கும் தெரியும். இரண்டு நாளாக அதே கிணற்று நீரைக் குடித்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை. இரண்டு வருடம் நீதியைப் படித்துவிட்டு, முப்பத்திரண்டு இடத்தில் “உண்டு” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தோம். அவமானத்தில் காது சுட்டது. அந்தக் கட்டு அப்படியே போயிருந்தால் காலனிக்குப் பம்பு கிடையாது.

அடித்தல் திருத்தல் உள்ள படிவம் ஏற்கப்படாது என்று அதன் அடியிலேயே அச்சாகியிருந்தது. உபரிப் படிவமும் இல்லை. சேவியர் ஒரு நிமிடம் யோசித்தான். “படிவத்தைத் தொடாதே. கூட ஒரு தாள் வைப்போம்” என்றான். குறிப்பேட்டுத் தாள்களைக் கிழித்து, வேறு கேள்வி எழுதினோம்: “நீங்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” மறுபடியும் முப்பத்திரண்டு வாசல். பதில்கள் இந்த முறை நீண்டன. ஒரு பெண் தன் இடுப்பில் குடம் வைத்துக் காய்த்துப்போன இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

தூரத்தை எப்படி அளப்பது? சைக்கிள் வேண்டும். சைக்கிள் அண்ணாச்சியிடம் இருந்தது. எதற்கென்று கேட்டார். பொய் சொல்லிவிடலாம் என்று நான் சேவியருக்கு ஜாடை காட்டினேன். அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

அண்ணாச்சி கிணற்றுப் பக்கம் பார்த்தார், முன் சக்கரத்தை அமுக்கினார். பிறகு, “முன் சக்கரத்துல காத்துக் கம்மி தம்பி. அடிச்சிட்டுப் போங்க, அளவு தப்பிரும்” என்றார்.

கிணற்றில் அவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இந்தப் பயணத்தில் பிறகு திருத்திக்கொள்ள முடியாமல் போன இடம் இது ஒன்றுதான்.

தையற்காரர் நாடாவால் முன் சக்கரத்தைச் சுற்றி அளந்தோம், 2 மீட்டர் 20 சென்டிமீட்டர். கம்பியில் சிவப்புத் துணி கட்டினோம். மாலை நாலு மணிக்குப் பெண்கள் குடத்தோடு கிளம்ப, சேவியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான், நாங்கள் துணி சுற்றுவதை எண்ணினோம். சக்கரம் மண் வெடிப்பில் இறங்கும்போதெல்லாம் சந்திராவுக்கு எண்ணிக்கை குழம்பியது. மாடத்தி சும்மா வரவில்லை. நூறு சுற்றுக்கு ஒரு பருத்திக்கொட்டையாக மடியில் போட்டுக்கொண்டே வந்தாள். ஊற்றில் நின்றபோது எட்டுக் கொட்டை, அதன் மேல் பன்னிரண்டு சுற்று. 1786 மீட்டர். ஒரு மைலுக்கு மேல் 177 மீட்டர்!

“தாளை ஓரமா வச்சிருவாங்களோ?” என்று சந்திரா கவலைப்பட்டாள்.

“நானும் வாரேன்” என்றாள் மாடத்தி. “காயிதத்த ஓரமா வச்சிருவாவ. என்னைய வைக்க முடியாதுல்லா.”

வெள்ளிக்கிழமை ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவள் எங்களோடு பஸ் ஏறினாள். 10.40க்கு அலுவலகம். அதிகாரி படிவத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“இதில் உண்டுங்கிறீங்க, அதில் இல்லைங்கிறீங்க. எது சரி?”

சேவியர் விளக்கத் தொடங்கினான். எங்கள் பாடப்புத்தகச் சொற்கள் எல்லாம் வந்து விழுந்தன. அதிகாரி கையமர்த்திவிட்டு மாடத்தியிடம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. ஊர்ல கிணறு இருக்கா இல்லையா?”

“இருக்கு சார். ஊரைக் கேட்டா ஊரைத்தான சொல்லுவேன்? எங்களைக் கேளுங்க, எங்களைச் சொல்லுதேன்.”

அதிகாரி பட்டியலை இழுத்து வைத்து, காலனியைத் தனிக் குடியிருப்பாகத் தம் கையாலேயே எழுதினார். “தூரம்?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாடத்தி மடியிலிருந்து எட்டுப் பருத்திக்கொட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். 1786 என்று எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டமளிப்பு விழாவில்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை. சேவியரை நினைத்தாலும் பெருமை, சந்திராவின் தாகத்தை நினைத்தாலும் பெருமை, மாடத்தியை நினைத்தால் இன்றைக்கும் சொல் வராது.

மாணவர்களே, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாசி, பங்குனியில் போங்கள். மழையில் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. தொப்பி, அளவு நாடா, உபரித் தாள் அவசியம். ஒரே வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடாதீர்கள், எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும். எல்லாரும் ஒரே பதில் சொன்னால் மகிழாதீர்கள், கேள்வியைச் சந்தேகப்படுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், பிறகு படிவத்தை எடுங்கள். வழியில் பாஞ்சாலங்குறிச்சியையும் பார்த்துவிடுங்கள், எனக்காக.

அந்த ஆவணி மாதம் துறை முகவரிக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. மாடத்தி சொல்லச்சொல்ல யாரோ எழுதியது. நான்கே வரி.

“டீச்சருக்கு மாடத்தி எழுதிக்கொண்டது. பம்பு போட்டாச்சு. எங்க வாசல்ல இருந்து நாப்பத்து மூணு எட்டு வச்சாப் போதும், நானே எண்ணிட்டேன். இனிமே யாரும் வந்து கேட்டா, எங்க ஊர்ல இருக்குன்னு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”