வெயில் அடித்தால் ஏறும் மீட்டர்

முப்பத்து மூன்று வருடம் வார்டில் வேலை பார்த்த நர்ஸை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பணியில் இருந்தவரை சிஸ்டர்; ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தெருவுக்கு அவர் சிஸ்டரம்மா. அவர் கை பட்டால் ஊசி வலிக்காது என்பார்கள். வாய் பட்டால் வலிக்கும் என்பதையும் கூடவே சொல்வார்கள்.

வார்டில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நோயாளி குடித்த தண்ணீர், ஏற்றிய சலைன் எல்லாம் தாளில் ஒரு பக்கம். போன சிறுநீர், எடுத்த வாந்தி எல்லாம் மறுபக்கம். ‘உள்ளே - வெளியே’ சார்ட் என்று அதைச் சொல்வார்கள். மற்றவர்கள் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் உத்தேசமாக எதையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். இவர் அளவு ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து மணிக்கு மணி எழுதுவார். ஒரு தடவை பெரிய டாக்டரே தோராயமாகப் போடச் சொன்னதற்கு, தோராயத்தால் ஒரு சிறுநீரகம் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதற்காக அவர் ஜாடியைக் கீழே இறக்கிவிடவும் இல்லை.

அவருடைய கணவர் பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். சம்பளத்தோடு முப்பது வருடப் பஞ்சுத் தூசியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் மூக்கில் குழாய் இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மெஷின் காற்றைக் கொடுத்தது, கரண்டைக் குடித்தது. ஒவ்வொரு பில் வரும்போதும் சிஸ்டரம்மாவின் பென்ஷன் இளைத்துப்போனது.

அதனால்தான் மாடியில் சோலார் போடலாம் என்று முடிவு செய்தார். ஓய்வுபெறும்போது கைக்கு வந்த தொகையில் மிச்சமிருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் பேனலின் விலையைக் கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் இவர்கள் வயதைக் கேட்டார்கள். எதிர்வீட்டு வாத்தியார் விரல் மடக்கியே பார்த்துவிட்டார். பேனலுக்கு ஆயுள் இருபத்தைந்து வருடம் என்று விற்க வந்தவன் சொல்ல, கேட்டவர்கள் பார்வை எல்லாம் தப்பாமல் கட்டில் பக்கம் போனது. அறுபதைத் தாண்டியவன் ஒரு ஜோடி செருப்பு வாங்கினால்கூட அது தேயும்வரை இருப்பானா என்று பார்க்கிற உலகம் இது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகனும் போனில் அதையேதான் சுற்றி வளைத்துச் சொன்னான்.

“போட்ட காசு திரும்ப வரவே ஏழெட்டு வருஷம் ஆகுமாம்மா. அதுக்குள்ள அப்பாவுக்கு…”

“அப்பாவுக்கு? அந்தப் பேச்சை முடி, கேட்கிறேன்” என்றார் சிஸ்டரம்மா.

மகன் முடிக்கவில்லை. சிஸ்டரம்மா முன்பணம் கட்டினார்.

இரண்டே நாளில் பேனல்களைப் பொருத்திவிட்டார்கள். ஒன்றுதான் பாக்கி. பகலில் வீட்டுக்குப் போக மிஞ்சுகிற கரண்ட் தெருக்கம்பிக்குப் போகும். போவதையும் வருவதையும் தனித்தனியாகக் காட்ட இருவழி மீட்டர் என்று ஒன்றை மின்சார அலுவலகம் மாட்ட வேண்டும். மேஸ்திரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்த ஒரு நாள் லைன்மேன் வந்து போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் மீட்டர் பெட்டியில் ‘இருவழி’ என்று பச்சை ஸ்டிக்கர் பளபளத்தது. அலைய விடாமல் வேலையை முடித்துக்கொடுத்தார்களே என்று சிஸ்டரம்மா அவர்களை வாயார வாழ்த்தினார். அந்த வாழ்த்தை நினைத்தால் இப்போதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் பில் வந்தது. பேனல் போடுவதற்கு முன்னால் கட்டியதைவிட அதிகம்.

அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, வயதானவர்கள் நாள் பூராவும் வீட்டிலேயே இருக்கிறீர்கள், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், ஏறத்தான் செய்யும் என்றார். சோலார்க் கம்பெனியைக் கேட்டால், பேனல் பிரமாதமாக வேலை செய்கிறது, மீட்டர் அவர்கள் பாடு என்றது. மறுபடி ஜன்னலுக்கு வந்தால், மீட்டர் பிரமாதமாக ஓடுகிறது, பேனல் கம்பெனி பாடு என்றது ஜன்னல். இரண்டும் பிரமாதமாம், பில் மட்டும் ஏறுமாம். முட்டிவலியோடு நாலு தடவை பஸ் ஏறி இறங்கிய பொம்பளையை இப்படிப் பந்தாடினார்கள். காதில் பூ சுற்ற வேண்டுமானாலும் அதற்கு ஒரு அளவு வேண்டாமா?

இரண்டாவது பில் முதல் பில்லையும் மிஞ்சியது.

அது வந்த வாரத்தில் ஒரு நாள். பென்ஷன் அலுவலகத்தில் கூட்டமே இல்லாததால் சிஸ்டரம்மா எதிர்பார்த்ததைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்பினார். கதவைத் திறந்ததும் வீடு அமைதியாக இருந்தது. அமைதியாக இருக்கக் கூடாத வீடு அது. ஓடிப் பார்த்தால் மேஸ்திரி கட்டிலில் சாய்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. மெஷின் கெட்டுப்போகவில்லை. சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது.

மெஷினைப் போட்டு, குழாயை மூக்கில் பொருத்தி, முதுகை நீவிவிட்டு, அவர் முகத்தில் ரத்தம் திரும்பிய பிறகுதான் கேட்டார். “எவ்வளவு நாளா இப்படிப் பண்றீங்க?”

“நீ வெளிய போற நேரம் மட்டும்தான். பகல்ல கொஞ்சம் நிறுத்தினா பில் குறையுமேன்னு பார்த்தேன்.”

“எவ்வளவு நாளா?”

“ஒன்றரை மாசம் இருக்கும்.”

சிஸ்டரம்மா சமையலறைக்குப் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பேருடைய மூச்சுக்குக் காவல் இருந்தவர். சொந்தக் கட்டிலில் ஒருவர் மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவருக்குக் குமுறியது. கோபம் கணவர் மேல் பாதி, தன் மேல் பாதி என்று கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம்தான் சட்டென்று ஒன்று உறைத்தது. ஒன்றரை மாதம் மெஷினை நிறுத்தியிருக்கிறார். பில் குறையத்தானே வேண்டும்? எப்படி ஏறியது?

மறுநாள் காலை சிஸ்டரம்மா ஒரு நோட்டு எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் உள்ளே, வலப்பக்கம் வெளியே. மாடியில் பேனல் எவ்வளவு கரண்ட் தந்தது என்று அதற்கான பெட்டியைப் பார்த்து எழுதினார். கீழே மீட்டர் எவ்வளவு ஓடியது என்று எழுதினார். மணிக்கு மணி, மாடிப்படி ஏறி இறங்கி, ஏழு நாள். என்ன பைத்தியக்காரத்தனம் என்று மேஸ்திரி கேட்டதற்கு, பேஷண்ட் பேசக்கூடாது என்று பதில் வந்தது.

மத்தியானத்தில் வீட்டில் ஒரு லைட்கூட எரியாத நேரத்தில்தான் மீட்டர் தலைதெறிக்க ஓடியது. ஐந்தாம் நாள் விடாமல் மழை. மாடிப் பெட்டி சோம்பிக் கிடந்தது; அன்றைக்குப் பார்த்து மீட்டரும் அடங்கி ஒடுங்கி இருந்தது. வெயில் அடித்தால் பில் ஏறுகிறது, மழை பெய்தால் இறங்குகிறது. சிஸ்டரம்மா நோட்டை இரண்டு தடவை படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. இந்த வீடு தெருவுக்குக் கொடுத்த கரண்டையெல்லாம் இந்த வீடே வாங்கித் தின்றதாக மீட்டர் எழுதிக்கொண்டிருந்தது. மேஸ்திரி மூச்சை அடக்கி மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டும் வெளியே போய், பில்லாகத் திரும்பி அவர் தலையிலேயே விழுந்திருக்கிறது.

இந்தத் தடவை ஜன்னல் பக்கம் போகவில்லை. நேரே பொறியாளர் அறைக்குள் நுழைந்து மேஜை மேல் நோட்டை விரித்தார். பொறியாளர் மரியாதைக்கு இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, உங்கள் வீட்டில் இருவழி மீட்டர் மாட்டியாகிவிட்டது என்று கோப்பில் இருக்கிறதே அம்மா என்றார்.

“வாந்தி எடுத்ததைச் சாப்பிட்ட கணக்குல எழுதற நர்ஸை நான் என் வார்டுல ஒரு நிமிஷம் நிக்க விடமாட்டேன் சார். உங்க மீட்டர் அதைத்தான் பண்ணிட்டிருக்கு. கோப்பை மூடிட்டு நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வாங்க.”

அவர் குரல் வராந்தாவரை கேட்டது. பொறியாளர் மறுநாள் லைன்மேனோடு வந்தார்.

அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டருக்கு மேஸ்திரியின் குழாயை மாற்றிவிட்டு, சிஸ்டரம்மா வீட்டின் மெயினை அணைத்தார். மாடியிலிருந்து வரும் பேனல் இணைப்பு மட்டும் தனி சுவிட்சில் உயிரோடு இருந்தது. ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, மெஷின் நின்றது. வீட்டில் ஒரு பொட்டுக் கரண்ட் செலவில்லை. மூன்று பேரும் மீட்டர் முன்னால் நின்றார்கள். எண் நகர்ந்தது. நின்று பார்க்கப் பார்க்க மறுபடி நகர்ந்தது.

பொறியாளர் லைன்மேனைப் பார்த்தார். லைன்மேன் தரையைப் பார்த்தார். பிறகு விஷயம் வெளியே வந்தது. அந்த மாதம் புது மீட்டர் கையிருப்பு இல்லை. மாதக் கடைசிக்குள் கோப்பை முடித்தே ஆகவேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. அதனால், கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் செலவென்றே எண்ணுகிற பழைய மீட்டர் மேலேயே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, மாட்டியாயிற்று என்று எழுதிவிட்டார்கள். புது மீட்டர் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தார்களாம். அப்புறம் மறந்துபோனதாம்.

பொறியாளர் மன்னிப்புக் கேட்டார். அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நாளில் மீட்டரை மாற்றிவிடுவதாகவும், அதிகமாகக் கட்டியதெல்லாம் வரப்போகும் பில்களில் கழிந்துவிடும் என்றும் சொன்னார்.

“அவர் ஒன்றரை மாசமா மெஷினை நிறுத்தி நிறுத்தி இருந்திருக்கார் சார், உங்க பில்லுக்குப் பயந்து. அந்த மூச்சை எந்த மாசத்துல கழிப்பீங்க?”

உள்ளே மேஸ்திரி இருமும் சத்தம் கேட்டது. சிஸ்டரம்மா மெயினைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சொன்னபடி மீட்டர் மாறியது. அடுத்த பில், பேனலுக்கு முன்னால் கட்டியதில் கால்வாசிகூட இல்லை. மகன் போனில், பரவாயில்லையே அம்மா, லாபம்தான் போலிருக்கிறது என்றான். லாபம்தான். வெயில் யாரையும் ஏமாற்றவில்லை, பேனலும் ஏமாற்றவில்லை. மனிதர்கள்தான் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கைகழுவிக்கொண்டு போனார்கள்.

அந்த பில் வந்த வாரத்தில் ஒரு மத்தியானம், பேனல்களின் தூசியைத் துடைத்துவிட்டு சிஸ்டரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். வீடு அமைதியாக இருந்தது. மேஸ்திரி மூக்குக் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிடிபட்டவராக அவரைப் பார்த்தார்.

“பில் வந்துச்சே, காட்டினேனே” என்றார் சிஸ்டரம்மா.

“தெரியும். பில்லுக்காக இல்ல. நீ அந்தப் பக்கம் போனாலே கை தானா சுவிட்சுக்குப் போயிடுது. மெஷின் சத்தம் கேட்டாலே பக்குனு இருக்கு.”

சிஸ்டரம்மா வாயைத் திறந்தார். யாரிடம் சண்டை போடுவது? எந்த ஜன்னலுக்குப் போவது, எந்த மேஜையில் நோட்டை விரிப்பது? முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட பேஷண்ட் முன்னால் அழாதவர், மெஷினைப் போட்டு, குழாயை அவர் மூக்கில் பொருத்தி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு சுவிட்ச் பக்கம் இருந்த அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வெயில் இறங்கும்வரை விடவில்லை.