தாய்லாந்துக்குப் பாட்டு கேட்கப் போனோம்

என் நண்பனுக்கு எலக்ட்ரானிக் இசை பிடித்துப்போனதற்கு ஒரு பழைய டிராக்டர்தான் காரணம். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைப் பாசனத்தில், அவனுக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு சேலம் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தான். அதில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. பெட்டியில் ஒரு பென்டிரைவ் சொருகியிருந்தது. குறடு போட்டு இழுத்தபோது மேல் ஓடு மட்டும் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்தது உள்ளேயே நின்றுகொண்டு, வண்டிச் சாவியைத் திருப்பும்போதெல்லாம் பாட ஆரம்பித்தது.

பாட்டு என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். டும் டும் என்று ஒரே இடி. நடுவில் யாரோ ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். பிறகு மறுபடியும் இடி. எடுக்கவும் முடியாமல் மாற்றவும் முடியாமல் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு சாகுபடிப் பட்டம் முழுக்க உழுதான். அடுத்த பட்டத்தில் அவனுக்கு அது பிடித்துவிட்டது.

"நம்ம சினிமாப் பாட்டு போட்டா, வண்டி சத்தத்துல வார்த்த காதுலயே வுழாதுடா. இதுல மொத்தமே ஒரு வரிதான். நமக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்று என்னிடம் விளக்கினான்.

நான் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் படிப்பை விட்டு நிலத்துக்குப் போனான், நான் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தோட்டத்துக்குப் போவேன். டிராக்டரின் மட்கார்டு மேல் என்னை உட்காரவைத்து, கல்வராயன் மலையைப் பார்த்தபடி உழுதுகொண்டே, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் இடி இறங்கும் என்று கையை உயர்த்திக் காட்டுவான். எனக்குப் பிடித்தது பழைய மெலடிதான். நண்பன் என்பதால் தலையை ஆட்டிவைப்பேன். வண்டி ஆடும் ஆட்டத்தில் ஆட்டாமலும் இருக்க முடியாது.

இந்த இசைக்காகவே வெளிநாடுகளில் பெரிய திருவிழா நடக்கிறது என்பதை போனில் தேடிக் கண்டுபிடித்தது அவன்தான். தாய்லாந்தில் ஒரு கடற்கரை ஊரில் டிசம்பர் மாதம் நடக்கப்போவதாகவும், விசாகூட வேண்டாமென்றும் சொன்னான்.

"நீ வந்தாதான் நான் போவ முடியும். எனக்கு இங்கிலீஷ் ஏறாது. உனக்கு அரையாண்டு லீவு வேற வருது."

சரி என்று சொன்னேன். அன்றிலிருந்து ஊரில் எங்களுக்கு இருந்த நல்ல பெயர் கரைய ஆரம்பித்தது.

நாற்பது தாண்டிய இரண்டு ஆண்கள் மனைவிகளை விட்டுவிட்டுத் தாய்லாந்து போகிறார்கள் என்றால், எங்கள் பக்கத்தில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சிரிப்பார்கள். முடி வெட்டுபவர் கத்திரியை நிறுத்திவிட்டு, "பாட்டு கேக்கவா? ம்" என்றார். அந்த 'ம்' வெகுதூரம் போயிற்று. உடற்கல்வி ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வரும்போது எனக்கு ஒரு தைலம் வாங்கிக்கினு வாங்க சார், மத்ததெல்லாம் நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று கண்ணடித்தார்.

அரசு ஊழியர் வெளிநாடு போக மேலிடத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'இசை விழாவைக் காண' என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், கோயில் பாக்கறதுக்குன்னு எழுதுங்க."

"பாட்டு கேக்கத்தான் போறோம் சார்."

"நான் நம்பறேன் சார். இது மேல போவணும் இல்ல? பாட்டுன்னு எழுதுனா சந்தேகப்படுவாங்க."

புத்தர் கோயில்களைக் காண்பதற்காக என்று மாற்றி எழுதினேன். உண்மையைச் சொன்னால் சந்தேகம், பொய்யைச் சொன்னால் அனுமதி.

நண்பனின் மனைவி ஒரு நிபந்தனை போட்டார். "நான் எப்ப வீடியோ கால் போட்டாலும் எடுக்கணும். எடுத்து போனை நாலாப் பக்கமும் திருப்பிக் காட்டணும். ஆலையிலேர்ந்து கரும்பு வெட்டு ஆர்டர் வர்றதுக்குள்ள வூடு வந்து சேரணும்." என் மனைவி எந்த நிபந்தனையும் போடவில்லை. "அவரு ஒம்போது மணிக்கெல்லாம் தூங்கிடுவாருக்கா. அவர வுட்டா இன்னா ஆவப்போவுது?" என்று அவரிடம் சொன்னாள். இந்த நம்பிக்கைக்கு மகிழ்வதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியூர்ச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நண்பனின் மனைவி இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். வெள்ளிமலையிலிருந்து சந்தைக்கு இறங்கிவரும் ஒரு பெண்ணிடம் கடுக்காய் வாங்கி, கொட்டை எடுத்து, இடித்துச் சலித்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். "படுக்கும்போது அரை ஸ்பூன் சுடுதண்ணில போட்டுக் குடிங்க. காலைல வயிறு சுத்தமாப் பூடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதை எப்போது, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை.

திருவிழா நடந்த மைதானத்தின் வாசலுக்கு நாங்கள் மதியம் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் நின்றவன் முதுகில் சிறகு கட்டியிருந்தான். பின்னால் நின்ற பெண்கள் முகமெல்லாம் ஜிகினா ஒட்டியிருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கி வேஷத்தில் ஒருவர் பொறுமையாக வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார். என் நண்பன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டையில் இருந்தான். நான் தேர்தல் பணிக்குப் போவதுபோல சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டியிருந்தேன்.

பையைச் சோதித்த காவல் பெண் டப்பாவைத் திறந்தார். முகர்ந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

"அது மருந்து, வயிற்றுக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என்ன மருந்து என்று கேட்டார். கடுக்காய்க்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அறிவியல் ஆசிரியன் அல்லவா, தாவரவியல் பெயர் தெரியும். "டெர்மினாலியா செபுலா" என்றேன். அது வரைக்கும் சாதாரணமாக இருந்த அந்த அதிகாரியின் முகம் மாறியது. வாக்கிடாக்கியை எடுத்தார்.

"இன்னாடா சொன்ன அவரான்ட?" என்று நண்பன் கேட்டான்.

"பேரைத்தான் சொன்னேன்."

"கடுக்கான்னு சொல்றதுக்கு இன்னாடா?"

அதிகாரி டப்பாவைக் காட்டி, வாயைக் காட்டினார். சாப்பிடச் சொல்கிறார். நண்பன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டு சிரித்தான். அவருக்கு அவன் மேல் சந்தேகம் இல்லை. வேதிப்பொருள் பெயர்போல எதையோ சொன்ன என் மேல்தான். என் கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் அவரே கொட்டினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு இருக்கும். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. போட்டுக்கொண்டேன். வாய் முழுக்கத் துவர்ப்பு பிடித்து இழுத்து, உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என் முகத்தைப் பார்த்து ஒட்டகச்சிவிங்கிகூடச் சிரித்தது. அதிகாரி விரல் நுனியால் தொட்டுத் தானும் சுவைத்துப் பார்த்தார். சந்தேகம் தீர்ந்து எங்களை உள்ளே விட்டார். டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டார்.

மேடை, எங்கள் ஊர் சர்க்கரை ஆலையை அலங்காரம் செய்து நிறுத்தியதுபோல இருந்தது. கூட்டம் கடல்வரைக்கும் போயிற்று. நாங்கள் முண்டியடித்துப் பாதி தூரம் முன்னேறினோம். முதல் இடி இறங்கியபோது என் நெஞ்சுக்கூட்டை யாரோ உள்ளேயிருந்து தட்டியதுபோல இருந்தது. சட்டைப் பொத்தான்கள் அதிர்ந்தன. சுற்றிலும் எல்லோரும் குதித்தார்கள். நான் நண்பனின் முகத்தைப் பார்த்தேன்.

அவன் குதிக்கவில்லை. சர்க்கரை போடாத காபியைக் குடித்தவன்போல நின்றான்.

"இன்னாடா?" என்று காதில் கத்தினேன்.

"இதே பாட்டுதான். ஆனா என்னமோ கம்மியா கீதுடா."

"இதுக்கு மேல ஜாஸ்தி பண்ணா செத்துடுவோம்டா!"

"சத்தம் இல்லடா. வேற என்னமோ கம்மி."

அது என்னவென்று விசாரிக்க எனக்கு நேரமில்லை. வயிற்றுக்குள் வெள்ளிமலை உருள ஆரம்பித்திருந்தது. இங்கேயே நில் என்று அவனிடம் கைகாட்டிவிட்டு ஓடினேன். கழிப்பறைகள் மைதானத்தின் மறுகோடியில் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் வரிசை. என் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்திராத ஒரு பணிவோடு வரிசையின் கடைசியில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். சிறகு கட்டிய அந்தப் பையன்தான் முதலில் வழிவிட்டான். அவன் ஏதோ சொல்ல, மொத்த வரிசையும் ஒதுங்கியது. ஆம்புலன்ஸுக்குக்கூட நம் ஊரில் அப்படி ஒதுங்கி நான் பார்த்ததில்லை. அந்தச் சாயங்காலம் நான் பலமுறை போய்வந்தேன். கடைசியில் அந்த வரிசைக்காரர்கள் என்னைத் தூரத்தில் கண்டதுமே விலகி நின்று கைதட்டினார்கள்.

எல்லாம் முடிந்து, உடம்பு பஞ்சுபோல லேசாகி, நான் விட்ட இடத்துக்குத் திரும்பினேன். நண்பனைக் காணவில்லை. கூட்டத்துக்குள் போனில் டவர் இல்லை. வெள்ளைச் சட்டையைத் தேடினேன். அத்தனை கூட்டத்தில் சட்டை போட்டிருந்தவர்களே கம்மி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாஸ்போர்ட் அவனிடம், இங்கிலீஷ் என்னிடம். பயம் வந்துவிட்டது. மேடையின் பக்கவாட்டு வேலியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மேடைக்குப் பின்புறம் போகப்போகப் பாட்டு மங்கி, வேறொரு உறுமல் கேட்டது. டீசல் வாசனை வந்தது.

வரிசையாக லாரி அளவு ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நீலச் சட்டை போட்ட தாய்லாந்துக்காரர் ஒருவர், ஜெனரேட்டர் ஓட்டுபவர். இன்னொன்றில் என் நண்பன், கண்ணை மூடி, கையை உயர்த்திக்கொண்டிருந்தான். இடி இறங்கும் இடத்தில் கை இறங்கியது.

"எங்கடா போய்ட்ட? எவ்ளோ நேரமாத் தேடிக்கினு இருக்கேன்!"

அவன் கண்ணைத் திறந்தான். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை.

"எஞ்சின் சத்தம்டா. அதான் கம்மியா இருந்துச்சி. இங்க ஒக்காந்து கேளு, அப்பிடியே நம்ம வண்டியில கேக்கற மாரியே கீது."

நீலச் சட்டைக்காரர் எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். நண்பன் தமிழில் பேசினான், அவர் தாய் மொழியில் பேசினார். எந்த ஜெனரேட்டர் புகை தள்ளுகிறது, எது ஆயில் குடிக்கிறது என்று இருவரும் விரல் நீட்டி ஒத்துக்கொண்டார்கள். மாம்பழமும் பசையான சோறும் கொடுத்தார். என் வயிற்றுக்கு அது இதமாக இருந்தது.

அங்கே எங்களைத் தவிர யாருமில்லை. உடம்பு லேசாக இருந்தது. பாட்டு தூரத்திலிருந்து வந்ததால் நெஞ்சைத் தட்டாமல் காலை மட்டும் தட்டியது. நான் எழுந்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியாது. சட்டையை வெளியே எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஆடினேன். நீலச் சட்டைக்காரரும் எழுந்து ஆடினார்.

அப்போதுதான் நண்பனின் மனைவி வீடியோ காலில் வந்தார்.

"இன்னாங்க, பின்னாடி இன்னாது அது?"

"ஜெனரேட்டர்மா."

"பாட்டு கேக்கப் போறேன்னு சொல்லிட்டு மோட்டார் கொட்டாயிலயா ஒக்காந்துக்கினு இருக்கீங்க? நெஜத்த சொல்லுங்க, நீங்க ஊரத் தாண்டவே இல்ல. கச்சிராயபாளையத்துலதான் எங்கயோ குடிச்சிட்டுக் கெடக்கறீங்க!"

"தாய்லாந்துமா! சத்தியமா!"

"அப்போ போனைத் திருப்பிக் காட்டுங்க."

அவன் நாலாப் பக்கமும் திருப்பினான். ஒரு பக்கத்தில் நானும் பெல்ட்டும் இருந்தோம். அதை அவர் பதிவு செய்துகொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் சென்னையில் வந்து இறங்கும்போது, அந்த வீடியோ கச்சிராயபாளையம் போய், தியாகதுருகம் போய், நைனார்பாளையத்தில் இருக்கும் என் மாமனார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. முடி வெட்டுபவர் என்னைப் பார்த்து, "நெஜமாவே பாட்டுதானா சார்?" என்று கேட்டார். அவர் குரலில் அவ்வளவு ஏமாற்றம். ஒரு பெரிய கதைக்காகக் காத்திருந்த மனிதரை நாங்கள் மோசம் செய்துவிட்டோம்.

பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். கோயில் பார்ப்பதாக எழுதிவிட்டு ஆடியதற்கு விளக்கம் கேட்பார் என்று பதிலைத் தயார்செய்துகொண்டு போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். போனில் அந்த வீடியோவை எடுத்து என் முழங்கால் தெரியும் இடத்தில் நிறுத்தினார்.

"இப்பிடி மடக்கி ஆடிக்கீறீங்களே, முட்டி வலிக்கலியா சார்? எனக்குப் படி ஏறவே முடியல. இன்னா சாப்பிடறீங்க?"

"கடுக்கா சார்" என்றேன்.

என் மனைவி வீட்டில் ஒன்றுமே கேட்கவில்லை. அது வேறு விதமான கவலையாக இருந்தது. தை மாதத்தில் தியாகதுருகத்தில் அவள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு வாத்தியம் வாசிக்க, பையன்கள் ஆடிக்கொண்டு போனார்கள். நான் வழக்கம்போலப் பெரியவர்களோடு பின்னால் நடந்தேன். அவள் பெண்கள் கூட்டத்திலிருந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"நம்ம கல்யாணத்துல ஆடச் சொன்னதுக்கு, எனக்கு ஆட வராதுன்னீங்க இல்ல?"

"ஆமா."

"யாரோ ஒரு நீலச் சட்டக்காரன்கூட ஆட வருது. என்கூட ஆட வராதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பேண்டுக்காரர்கள் வழிவிட்டார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் என் காலும் கையும் எனக்கே சொந்தமில்லாததுபோல இருந்தன. அவள் நன்றாக ஆடினாள். இத்தனை வருடத்தில் அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, டிரம்காரன் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் தோளை ஆட்டிச் சிரித்தாள். அவள் சித்தி விசிலடித்தார். கொஞ்ச நேரம் போனதும் எனக்கும் ஆட்டம் வந்தது, சட்டையும் வெளியே வந்தது.

மண்டபத்து வாசலுக்கு வந்ததும் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சட்டய உள்ள வுடுங்க, பந்தி போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் போனாள்.