பத்தாயிரத்தில் ஒருத்தர்

சோதனைக்கூடத்தில் சமர்த்தாக இருக்கும் எண், கோர்ட்டுக்குள் நுழைந்ததும் ஏழரையைக் கூட்டும். கூண்டேறிய மரபணு ஆய்வாளர்களே, உங்களுக்குத் தெரியாததா!

வராந்தாவில்

கச்சிராயபாளையம் கரும்புத் தோட்டத்தில் ஒரு கொலை. அரிவாள் பிடியில் இருந்த வியர்வை, சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு ஜெயிலில் கிடந்த செல்வத்தின் மரபணுவோடு பொருந்தியது. வியர்வை கம்மி, ஒப்பிட வேண்டிய மரபணு அடையாளங்களில் பாதிதான் தெளிவாகக் கிடைத்தன. பத்தாயிரத்தில் ஒருவருக்குத் தற்செயலாகப் பொருந்தலாம் என்று அறிக்கை எழுதியிருந்தேன். கள்ளக்குறிச்சி கோர்ட் வராந்தாவில் அரசு வக்கீல் குஷியாகிவிட்டார்.

"அப்போ அவன் நிரபராதியா இருக்க பத்தாயிரத்துல ஒரு வாய்ப்புதான். கேஸ் முடிஞ்சுது மேடம்."

கூண்டில்

அதையே கூண்டிலும் கேட்டார். "அப்படி இல்லைங்க ஐயா. இந்த மாவட்டத்துலயே இன்னும் பல பேருக்குப் பொருந்தும். அவர்தான் வெட்டினார்னு இந்த எண் சொல்லாது" என்றேன். என்னை அழைத்த வக்கீலே முறைத்தார். எனக்கோ சொல்லிவிட்டோமே என்று ஒரே சந்தோஷம்.

செல்வத்தின் வக்கீல் எழும்வரைதான் அது. இந்தக் கணக்கு உறவில்லாதவர்களுக்குத்தானே, கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று விசாரித்தீர்களா என்றார். விசாரிக்கவில்லை. செல்வத்துக்கு ஒரு தம்பி உண்டு என்றார் அவர். அண்ணன் தம்பி என்றால் பொருந்தும் வாய்ப்பு எக்கச்சக்கமாக ஏறும். செல்வத்தின் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை வேறு; பெற்றோரே ரத்த சொந்தம் என்றால் பிள்ளைகளின் மரபணு இன்னும் ஒத்துப்போகும். என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். நீதிபதி பேனாவை வைத்தார்.

"தம்பியோட ரத்தத்தையும் எடுத்துப் பாருங்கம்மா."

வாசலில்

தம்பியின் முடிவு திரையில் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். கிடைத்த அடையாளம் அத்தனையும் அவனுக்கும் பொருந்தியது! அவனோ கொலை நடந்த அன்று திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலையில் இருந்தவன், கேமராவிலேயே பதிவாகியிருந்தான். அங்கே இல்லாதவனுக்கே பொருந்தினால் அந்த எண்ணை மட்டும் வைத்து யாரைத் தண்டிப்பது? செல்வத்துக்கு எதிராக வேறு சாட்சியும் இல்லை. விடுதலை என்று நீதிபதி படித்தபோது கைதட்டாமல் அடக்கிக்கொண்டேன்.

வாசலில் செல்வத்தின் மனைவி என் கையைப் பிடித்தாள். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"வூட்ல தம்பி இருக்கிறது ஊருக்கே தெரியுங்க. நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த எட்டு மாசம் எம் புள்ளைங்க அப்பாவோட இருந்திருக்கும்."

இப்போதெல்லாம் எந்த எண்ணை எழுதும் முன்னும், அண்ணன் தம்பி எத்தனை, அம்மா எந்த வழிச் சொந்தம் என்று கல்யாணத் தரகர் மாதிரி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.