பஸ் வரிசையில் ஒரு நீர்யானை

என் வீட்டுக்காரர் மரியஜோசப் ஓர் ஓவியர். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஊரில் அவருக்கு 'நம்பர் ஜோசப்' என்றுதான் பெயர். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களுக்கு வாசலில் எண் எழுதுவது அவர் வேலை. இங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. அவர் எழுதும் எண் மட்டும் இல்லையென்றால், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களில் பாதிப் பேர் அடுத்தவர் வீட்டில் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

எண் எழுதுவது வயிற்றுக்கு. மனசுக்கு அவர் வரைவது மிருகங்கள். அதுவும் சும்மா மிருகங்கள் இல்லை. கோபம், தாபம், பொறாமை, பல்வலி எல்லாம் உள்ள மிருகங்கள். சிமெண்டு மூட்டைத் தாளைப் பிரித்து, உதறி, தரையில் விரித்துப்போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு வரைவார். ஊரே நிலக்கரி தோண்டுகிற ஊர். ஆனால் அந்தக் கரி கையில் எடுத்தால் உதிர்ந்துபோகுமாம், கோடு நிற்காதாம். அதனால் என் அடுப்புக்கரிதான் தினமும் களவு போகும்.

நான் டவுன்ஷிப்பில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். வீடு பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில், வாடகைக்கு. அவர் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆனால்தான் கம்பெனி பஸ்ஸுக்குப் பாஸ், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம். அதனால் காலையில் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்துதான் போவோம். டவுன்ஷிப் நுழைகிற இடத்தில் ஒரு பஸ் ஸ்டாப். அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு மதகு. அந்த மதகைக் கண்டால் என் வீட்டுக்காரருக்குக் கால் வலி வந்துவிடும். உட்கார்ந்துவிடுவார். பஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறவரை எழுந்திருக்க மாட்டார்.

முதலில் பாவம், பஸ்ஸில் போக முடியவில்லையே என்ற ஏக்கம் என்று நினைத்தேன். எனக்குக்கூடக் கண் கலங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அவர் அங்கே மிருகம் பார்க்கிறார்.

அவருக்கு மிருகத்தைப் பார்த்தால் மிருகம் வராது. ஒரு தடவை, "நல்ல மாடாகப் பார்த்து வரைந்து வாருங்கள்" என்று சேத்தியாத்தோப்புச் சந்தைக்கு அனுப்பினேன். சாயந்திரம் தாளோடு வந்தார். தாள் முழுக்க மாட்டுத் தரகர்! துண்டுக்குள்ளே கை விட்டுப் பேரம் பேசுகிற தரகர். மாட்டின் வால் மட்டும் ஓரமாகத் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவர் குரங்கு பிடிக்கப் போனால் போஸ்ட்மேனாய் முடியும். மனிதர்களைப் பார்த்தால்தான் இவருக்கு மிருகம் வரும். அந்த பஸ் ஸ்டாப் வரிசைதான் அவருக்குக் காடு.

அந்த வரிசையைச் சொல்ல வேண்டும். யாரும் ஏற்படுத்தியதில்லை, ஆனால் மழை வந்தாலும் மாறாது. கம்பத்தை ஒட்டி முதல் ஆள் தெய்வசிகாமணி, பெயிண்ட் செக்‌ஷன் சூப்பர்வைசர், என் வீட்டுக்காரருக்கு மேலே உள்ளவர். ஒரு கை கம்பத்தில் இருக்கும். வயிறு முன்னால் வந்து வரிசையில் நின்றுகொள்ளும், அவர் அதற்குப் பின்னால் நிற்பார். அடுத்து இசக்கிமுத்து, திருநெல்வேலிக்காரர், ஃபிட்டர். பனைமர உயரம் இருந்துகொண்டு, பஸ் வருகிறதா என்று இன்னும் எக்கிப் பார்ப்பார். அவருக்குப் பின்னால் துரைராஜ். எலெக்ட்ரீஷியன். டிபன் கேரியரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்குவார். கடைசியில் வேலுமணி, ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காது அந்த உடம்பு.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு கொட்டகை கட்டினார்கள். இந்த நாலு பேர் பிள்ளைகளும் எங்கள் பள்ளிதான். லீவு நாளில் வந்து இவர்களே கூரை போட்டார்கள், லைட் போட்டார்கள். ஒரு பக்கச் சுவர் மட்டும் வெறுமனே நின்றது. தலைமையாசிரியை மார்த்தாள் டீச்சர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது, "எங்க வூட்டுக்காரர் படம் போடுவாருங்க" என்று நான் சொல்லிவைத்தேன். திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை தாளில் படுத்துக்கிடந்த மிருகங்கள் முதன்முதலாகச் சுவரில் எழுந்து நிற்கப்போகின்றன. ஆனால் பெரிய இடம் என்றதும் பயந்துபோய், ஒரு காலண்டரைப் பார்த்துப் புலி வரைந்தார். நானும் போய்ப் பார்த்தேன்.

"ஏங்க, இது புலியா? புலித்தோலுக்குள்ள பஞ்சு அடைச்சா மாதிரி இல்ல?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது, செல்வி. இது யாருன்னே தெரியல. யாருன்னு தெரியாம எப்படி வரையறது?"

புலிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுநாளிலிருந்து தன் வழிக்கு வந்தார். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே படம்: மிருகங்கள் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கின்றன. கம்பத்தைப் பிடித்தபடி ஒரு நீர்யானை. அடுத்து கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கி. அடுத்து தூங்குகிற கரடி. வாலை ஆட்டிக்கொண்டு ஓர் அணில். எண் எழுதிய டப்பாக்களில் அடியில் ஒட்டிக் கிடந்த வண்ணம்தான். கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதனால் அங்கே எந்த மிருகமும் ஆண்டவர் படைத்த நிறத்தில் இல்லை. நீர்யானை நீலம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

நீர்யானையை நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அதற்கு மீசை இருந்தது. இடது கன்னத்தில் மரு இருந்தது.

"இது தெய்வசிகாமணி அய்யாதானே?"

"ஆமா," என்றார் சந்தோஷமாக. "ஒடனே கண்டுபிடிச்சிட்டியே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வருஷம் பர்மனென்டுக்கு யார் பெயர் போக வேண்டும் என்று சொல்கிறவர் அந்த மனிதர். கோபக்காரர். ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் தனக்கு முன்னால் அடுத்த இலைக்குப் போய்விட்டது என்று கல்யாண வீட்டாரோடு மாசக்கணக்கில் பேசாமல் இருந்தவர். அவரை நீல நிற நீர்யானையாக்கிச் சுவரில் நிறுத்தினால், பாஸும் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு, இருக்கிற கான்ட்ராக்டும் போச்சு.

"அழிச்சிடுங்க. வேற ஏதாவது போடுங்க."

"அழிச்சா சுவரே செத்துடும், செல்வி. அவருதான் வரிசைக்கே தலை."

இவரோடு மல்லுக்கு நிற்பதைவிட மைன்ஸில் மண் வெட்டலாம். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஆளை எடுக்க மாட்டார், அடையாளத்தை எடுப்பார். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மீசையை எடுத்தார். மருவை எடுத்தார். ஒட்டகச்சிவிங்கியின் மூக்கைத் திருத்தினார். கரடியின் கேரியரைத் தேன் பானையாக மாற்றினார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது என்று நிச்சயமான பிறகுதான் வீட்டுக்கு விட்டேன். ஆனாலும் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன்.

விழாவன்று என் பயம் பாதி தீர்ந்தது. நாலு பேரும் சுவரைப் பார்த்துச் சிரித்துப் பாராட்டினார்கள். இசக்கிமுத்து ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து, "ஏ, என்னமா எட்டிப் பாக்கு பாருவே!" என்று வியந்தார், எட்டிப் பார்த்துக்கொண்டே. தெய்வசிகாமணி நீர்யானையின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "நம்ம கேண்டீன்காரன் மாதிரியே இருக்குதுய்யா" என்றார். ஒருவருக்கும் தன்னைத் தெரியவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு போட்டோ. அதிகாரி, கொட்டகை போட்டவர்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். கடலூரிலிருந்து வந்த போட்டோக்காரர் கேமராவை நிறுத்திவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விடுமுன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சுவத்தை ஒட்டினாப்ல வரிசையா நில்லுங்க."

வரிசை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்த நாலு பேருக்கும் யோசிக்கவே தேவை இருக்கவில்லை. தெய்வசிகாமணி நேரே போய் முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் இசக்கிமுத்து. அடுத்து துரைராஜ். கடைசியில் வேலுமணி. தினமும் நிற்கிறபடியே நின்றார்கள். முகத்தையெல்லாம் மாற்றச் சொன்ன எனக்கு, வரிசையை மாற்றச் சொல்லத் தோன்றவே இல்லை. அதை அப்படியே பார்த்துப் பார்த்து என் கண்ணும் பழகிப்போயிருந்தது.

நாலு பேரும் அவரவர் மிருகத்துக்கு முன்னால் நின்றார்கள். தெய்வசிகாமணியின் கை, படத்தில் இருந்த கம்பத்தின் மேலேயே போய்ப் பதிந்தது. இசக்கிமுத்து கேமராவைப் பார்க்க எக்கினார். துரைராஜுக்கு அதற்குள் கண் சொருகிவிட்டது. வேலுமணி நெளிந்தார்.

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. அப்புறம் பள்ளிக்கூடமே சிரித்தது. அதிகாரி சுவரைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தெய்வசிகாமணி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். நீலக் கை ஒன்று அவர் கைக்குப் பக்கத்தில் கம்பத்தைப் பிடித்திருந்தது. நீல வயிறு அவர் வயிற்றின் அளவுக்கே முன்னால் வந்திருந்தது.

சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஜோசப்பு, இங்க வா."

என் வீட்டுக்காரர் போய் நின்றார்.

"எனக்கு வயிறு இவ்ளோ பெருசாவா இருக்குது?"

ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். நான் கண்ணால் கெஞ்சினேன். அந்த மனிதர் சுவரைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார், அளவு சரிபார்க்கிறாற்போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லீங்கய்யா. சுவத்துல எடம் பத்தல. கொறச்சிதான் போட்டிருக்கேன்."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்புறம் கேட்ட சத்தம் என்னவென்று முதலில் விளங்கவில்லை. தெய்வசிகாமணி சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் நீர்யானையும் குலுங்குவதாகப் பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள்.

"இது யாருய்யா? நம்ம ஆளா?" என்று அதிகாரி கேட்டார்.

"நம்ம செக்‌ஷன்தாங்க. கான்ட்ராக்ட்ல இருக்காப்ல," என்றார் தெய்வசிகாமணி. கொஞ்சம் நிறுத்தி, "இந்த வருஷம் பேரு போவுதுங்க" என்றார்.

போனது. உத்தரவும் வந்தது. படம் போடுகிற வேலை இல்லை, அதே எண் எழுதுகிற வேலைதான், ஆனால் பர்மனென்ட். நன்றி சொல்லப் போனபோது தெய்வசிகாமணி, "எனக்கு எதுக்கும்மா நன்றி? எம்பொண்ணு தெனமும் அந்த நீலச் சனியனுக்கு டாட்டா சொல்லிட்டுதான் வூட்டுக்கு வருது" என்றார்.

பஸ் பாஸ் வந்த அன்று அவர் சட்டைப்பையில் நானே வைத்து, பட்டனும் போட்டுவிட்டேன். மதகைத் தாண்டி ரோட்டைக் கடந்து அவர் போய் வேலுமணிக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் கேட்ட வரம் அது.

நாலைந்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். அடுப்புக்கரி அப்படியே இருந்தது. சிமெண்டுத் தாள் மூலையில் சுருட்டியபடி கிடந்தது. அந்த மனிதர் சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுவாரமும் அப்படியேதான். உடம்பு சரியில்லையா என்றேன். நல்லாத்தான் இருக்கு என்றார். சம்பளம் கூடியிருக்கிறது, பஸ்ஸில் போய் வருகிறார், முகம் மட்டும் செத்துக் கிடக்கிறது.

"என்னதான் ஆச்சு உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னார். "வரிசைக்குள்ள நின்னா முதுகுதான் தெரியுது, செல்வி. வேலுமணி முதுகு. முதுகை வெச்சிகினு நான் என்னாத்த வரையறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றியது நான், பயந்து செத்தது நான். இந்த மனிதருக்கு முதுகு பிரச்சினையாம். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற புருஷனை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? எனக்கு அந்தப் பர்மனென்டும் வேண்டும், இந்தக் கிறுக்கனும் வேண்டும்.

மறுநாள் காலை மதகுக்கிட்டே வந்ததும் ரோட்டைக் கடக்கப் போனவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்க."

"பஸ் வந்துடும், செல்வி."

"வரட்டும், போவட்டும். நீங்க உக்காந்து பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், உட்கார்ந்தார். பஸ் வந்தது. தெய்வசிகாமணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஜோசப்பு, ஏறுய்யா!" என்று கூப்பிட்டார். இவர் கையை ஆட்டிவிட்டு அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்பங்கரைக்குள் நுழைந்தார்.

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். பஸ் போன பிறகு எழுந்து, எட்டி நடைபோட்டு, சங்கு ஊதுவதற்குள் வேலைக்குப் போய்விடுகிறார். பாஸ் சட்டைப்பையில் கசங்காமல் இருக்கிறது. பர்மனென்ட் ஆகியும் நடந்து போகிற ஆள் இந்த டவுன்ஷிப்பில் அவர் ஒருவர்தான். ஏன் என்று கேட்கிறவர்களிடம், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.